ஆறும் இருக்கு, சேர்

கொட்டகலை
20.01.2003

மதிப்புக்குரிய சிவரூபன் சேருக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. நீங்கள் இடமாற்றம் பெற்று ஊருக்குப் போன பிறகு உங்கள் அப்பாவின் உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பவில்லை என்று கோபிக்க வேண்டாம். கடைசி நாள் ஆசிரியர் அறையில் நடந்த பேச்சுக்குப் பிறகு வாழ்த்து எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடிதத்தையும் அவசியம் இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

பாடசாலை தொடங்கியதும் கம்பியூட்டர் அறையைத் திறந்து ஆறு மெஷினையும் போட்டுப் பார்த்தேன். லினக்ஸ் ஒழுங்காக வருகிறது. படம் வருகிறது, கீபோர்டில் எழுத முடிகிறது. ஆனால் ஆறிலும் மவுஸ் அசையவில்லை. அம்பு திரைக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டிசம்பர் 13ஆம் திகதி காலையில் பிள்ளைகள் இதே மவுசால் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். அன்று பின்னேரம் நீங்கள் அறையைப் பூட்டிச் சாவியைத் தந்தீர்கள். அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. சாவி என்னிடம் இருந்ததால் பழியும் என் தலையில்தான் விழப்போகிறது.

பெப்ரவரி 28ஆம் திகதி கல்விக் கந்தோரில் இருந்து அதிகாரிகள் அறையைப் பார்க்க வருகிறார்கள். எல்லாம் ஓடினால் நமது பாடசாலைக்குக் கம்பியூட்டர் போதனாசிரியர் வேலை ஒன்று கொடுப்பார்களாம். ஓடாவிட்டால் ஆறு மெஷினையும் டவுன் பாடசாலைக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். வேலை வந்தால் அது எனக்குத்தான் என்று புதிய அதிபர் வீரய்யா சேர் சொல்கிறார். ஒன்றரை வருடமாகச் சம்பளம் இல்லாமல் தொண்டர் ஆசிரியையாக அந்த அறையைப் பார்த்தவள் வேறு யாரும் இல்லை. அம்மா சித்திரை வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தோட்டத்து ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் பேர் பதிந்து அவரோடு கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

என்ன செய்வது என்று உடனே எழுதுங்கள். நீங்கள் போட்ட சட்டத்தை நான் மீறவில்லை. ஓடாத மவுசாக இருந்தாலும் பின்னேரம் அடியைத் திறந்து உருண்டைகளைக் கழற்றி, எண்ணி, ஜாம் டின்னில் போட்டுவிட்டுத்தான் பூட்டுகிறேன். ஆறும் இருக்கு, சேர்.

இப்படிக்கு
இரா. நாகலெட்சுமி


உடுப்பிட்டி
31.01.2003

நாகலெட்சுமிக்கு,

உமது கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அப்பா இன்னும் படுக்கையில்தான். கேட்டதற்கு நன்றி.

ஆறு மவுசும் ஒரே நாளில் பழுதாக மாட்டாது. ஆகவே பழுது மவுசில் இல்லை, கையாண்ட விதத்தில் இருக்கிறது. லீவு முடிந்து அறையைக் கழுவியபோது பின்பக்க வயர்களைக் கழற்றியிருப்பீர். கீபோட்டின் செருகியும் மவுசின் செருகியும் பார்வைக்கு ஒன்றுதான். ஊதா நிறம் கீபோட்டுக்கு, பச்சை நிறம் மவுசுக்கு. மாறிச் செருகினால் இரண்டுமே வேலை செய்யாது. அத்தோடு உருண்டைகளைச் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிட்டுப் போடவும். அங்கத்தைய ஈரத்துக்கு உள்ளே இருக்கும் உருளைகளில் அழுக்குத் திரண்டுவிடும்.

விளங்கிக்கொள்வதற்காக ஒன்று சொல்கிறேன். லினக்ஸ் எதையும் தானாக ஊகிக்காது. எது கீபோட், எது மவுஸ், எந்த டிரைவர், எந்த வாசலால் செய்தி வருகிறது என்பதெல்லாம் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கிறது. வாசல் பிழை என்றால் கொம்பியூட்டர் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீர் எவ்வளவு உருட்டினாலும் அதற்குத் தெரியாது. ஒரு வரியின் முன்னால் # குறி போட்டால் அதை மெஷின் வாசிக்காது. அது பின்னால் வருகிறவருக்கு உதவியாக எழுதிவைக்கும் குறிப்பு. நல்ல வேலைகாரன் குறிப்பு எழுதாமல் எதையும் மாற்ற மாட்டான்.

அந்தக் கோப்பைத் திருத்த ரூட் கடவுச்சொல் தேவை. அதை உறையில் ஒட்டி அதிபர் துரைராசாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தேவை என்று கண்டால் அவர் முன்னிலையில் திறக்கலாம். நீர் தனியாகத் தொட வேண்டாம்.

கடைசி நாள் விஷயத்தை எழுதியிருக்கிறீர். எல்லோரும் இருக்கும்போது நீர் கடவுச்சொல்லைக் கேட்டது சரியில்லை. நான் சொன்ன பதிலில் கோபிக்க ஒன்றும் இல்லை.

க. சிவரூபன்


கொட்டகலை
08.02.2003

சிவரூபன் சேருக்கு,

உருண்டைகளைக் கழுவினேன். உருளைகளை ஊசியால் சுரண்டினேன். செருகிகளைப் பார்த்தேன். ஊதா ஊதாவிலும் பச்சை பச்சையிலும்தான் இருக்கிறது. மாறிச் செருகினால் கீபோர்டும் வேலை செய்யாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீபோர்டில் எழுத முடிகிறது என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு முன்னால் நான் # போடவில்லை, சேர். வாசித்திருக்கலாம்.

துரைராசா சேர் மார்கழியோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அலுமாரியில் உறை இல்லை. வீரய்யா சேர் கொழும்புக்குப் போன் எடுத்துக் கேட்டார். பழைய கடதாசிகளோடு சேர்த்து அதையும் எரித்துவிட்டாராம். அது என்ன உறை என்றே அவருக்கு ஞாபகம் இல்லையாம். நீங்கள் நம்பிக் கொடுத்தவர் எரித்துவிட்டார், நம்பாமல் விட்டவள் இங்கே இருந்து கெஞ்சுகிறேன். கடவுச்சொல்லை எழுதி அனுப்புங்கள். இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

கோபிக்க ஒன்றும் இல்லை என்கிறீர்கள். நீங்கள் சொன்ன சொல் எனக்கு அப்படியே இருக்கிறது. "பிள்ளை, இது கவ்வாத்துக் கத்தி இல்லை, ஆர் கேட்டாலும் எடுத்துக் குடுக்க." ஆசிரியர் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் அப்பா இருபத்தாறு வருடம் தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணியவர். எங்கள் தோட்டத்தில் அந்தக் கத்தியை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். காலையில் ஸ்டோரில் எண்ணிக் கொடுப்பார்கள், பின்னேரம் எண்ணி வாங்குவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுநாள் வேலை இல்லை. கம்பியூட்டர் அறை தொடங்கிய புதிதில் நீங்கள் ஸ்டோர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்துதான் மவுஸ் உருண்டை எண்ணும் சட்டத்தைப் போட்டீர்கள். எனக்கு அது அன்றைக்கே விளங்கியது. வேலை பழக வேண்டும் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். என் தப்பு அதுதான்.

நாகலெட்சுமி


உடுப்பிட்டி
17.02.2003

நாகலெட்சுமிக்கு,

உமது கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வருடம் அந்தக் குளிரில் ஒரு கட்டில் மட்டுமே போடக்கூடிய அறையில் இருந்து படிப்பித்தவன் நான். அந்த ஆறு கொம்பியூட்டரும் சாக்குக்குள் கட்டி வந்த பழைய சாமான்கள். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டி, லினக்ஸ் போட்டு, உயிர் கொடுத்தவன் நான். அதையும் ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

கடவுச்சொல்லைக் கடிதத்தில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு கடிதம் இங்கிருந்து அங்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று உமக்குத் தெரியாது. சித்திரை லீவில் ஒருமுறை வருகிறேன். வந்து நானே பார்க்கிறேன்.

28ஆம் திகதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு நம்லொக்கை ஒருமுறை தட்டவும். பிறகு வலது பக்க இலக்கங்களால் அம்பை நகர்த்தலாம். எட்டு மேலே, இரண்டு கீழே, நாலு இடது, ஆறு வலது. ஐந்தைத் தட்டினால் மவுசின் பொத்தானை அமத்தியதுபோல. பிள்ளைகளைப் பழக்கிக் காட்டினால் வருகிறவர்கள் மெச்சுவார்கள். உண்மையில் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கீபோட் காணும், அதுவே போதும். மவுஸ் ஒரு விளையாட்டுச் சாமான். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை உருண்டையைக் கொண்டுபோய்க் குண்டு விளையாடியது உமக்கு மறந்திருக்காது.

க. சிவரூபன்


கொட்டகலை
01.03.2003

சேர்,

நேற்று வந்து போய்விட்டார்கள்.

உங்கள் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. வியாழன் முழுக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பழக்கினேன். நன்றாகவே பழகினார்கள். அம்பை மேலே கொண்டுபோய், ஒரு கோப்பைத் திறந்து, தங்கள் பேரை எழுதி மூடினார்கள். விரல் வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், அவ்வளவுதான்.

மூன்று பேர் வந்தார்கள். வீரய்யா சேர், "எல்லாத்தையும் கீபோர்டுலயே செய்றாங்க சேர், ஒரு நிமிசம் பாருங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்க் கதிரையில் உட்கார்ந்து மவுசில் கையை வைத்து உருட்டினார். அடுத்த மேசைக்குப் போனார், அங்கேயும் உருட்டினார். ஆறையும் உருட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஒரு மவுசக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, ஒங்களுக்கு எதுக்குங்க போதனாசிரியர்?" என்று கேட்டார். பத்தாம் வகுப்பு முழுக்க நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறும் இயங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 21ஆம் திகதி லொறி வருகிறது. போதனாசிரியர் வேலையும் டவுன் பாடசாலைக்குத்தான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதினேன். அந்தப் பிள்ளை குண்டு விளையாடியது உண்மை. மறுநாள் காலையில் அழுதுகொண்டு கொண்டுவந்து என் கையில் தந்ததும் உண்மை. ஒன்றரை வருடத்தில் அது ஒரே ஒரு தடவை.

நாகலெட்சுமி


கொட்டகலை
09.03.2003

சிவரூபன் அவர்களுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இந்தத் தடவை கேட்க ஒன்றும் இல்லை.

நேற்று ஹட்டனில் சின்னராசாவைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பியூட்டர் திருத்துகிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். "இதுக்கா ரெண்டு மாசமா லெட்டர் போடுறீங்க? மெஷின் வரும்போதே லினக்ஸ் சிங்கிள்னு அடிங்க. பாஸ்வேர்டே கேக்காதுங்க. உள்ள போயிறலாம்" என்றார். அவ்வளவுதான். நீங்கள் பூட்டி, உறையில் ஒட்டி, தபாலுக்குப் பயந்து காப்பாற்றிய கதவு அது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீரய்யா சேரிடம் சொல்லிவிட்டு அறையைத் திறந்து அடித்துப் பார்த்தேன். உள்ளே போனேன். கோப்பைத் திறந்தேன். நீங்கள் சொன்னதுபோலவே எல்லாம் வரிவரியாக இருந்தது. மவுஸ் பகுதியில் வாசலைச் சொல்லும் சரியான வரிக்கு முன்னால் # போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஒன்றுமே செருகாத பழைய சீரியல் வாசலைக் காட்டி வேறு ஒரு வரி இருந்தது. இரண்டுக்கும் மேலே ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ். நீங்கள் பேசுகிற தமிழ்.

"தோட்டத்துப் பிள்ளையள். மவுசைக் குடுத்தால் உடைப்பினம். கீபோட் காணும். சிவரூபன், 13.12.2002."

ஆறு மெஷினையும் திறந்து பார்த்தேன். ஆறிலும் இதே குறிப்பு. ஒன்றில் கோபத்தில் எழுதியிருந்தால் மனிதர்தானே என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு கதிரையாக உட்கார்ந்து ஆறு தடவை எழுதியிருக்கிறீர்கள். அன்று பின்னேரம் நான் வெளியே சாவிக்காக நின்றுகொண்டிருந்தேன். உங்கள் பெட்டியைக் கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் சுமக்க நாங்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்து ஆளைக் கூட்டி வந்தவளும் நான்தான்.

ஊதா, பச்சை என்று எனக்குப் பாடம் எடுத்தீர்களே. உருண்டையைச் சவர்க்காரத்தில் கழுவச் சொன்னீர்களே. தெரிந்துகொண்டே எழுதினீர்களா? இல்லை, செய்ததையே மறந்துபோகிற அளவுக்கு அது உங்களுக்குச் சின்ன விஷயமா? இரண்டில் எது என்று மட்டும் எழுதுங்கள்.

நாகலெட்சுமி


உடுப்பிட்டி
14.03.2003
பதிவுத் தபால்

அன்புள்ள நாகலெட்சுமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தேன். தட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தேன்.

மறக்கவில்லை. உங்கள் முதல் கடிதத்தை வாசித்த உடனேயே தெரியும். அன்று ஆசிரியர் அறையில் நீங்கள் கடவுச்சொல்லைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. அறைக்குப் போனபோதும் அது ஆறவில்லை. ஆனால் கோபத்தில் மட்டும் செய்ததல்ல. மவுஸ் அங்கே வாங்க முடியாத சாமான். தை மாதம் முறையான ஆசிரியர் ஒருவரை அனுப்புவதாகத் துரைராசா சொல்லியிருந்தார். அவர் வந்து உறையைத் திறப்பார், கோப்பைப் பார்ப்பார், குறிப்பை வாசித்துவிட்டு விரும்பினால் மாற்றுவார் என்று நினைத்தேன். அந்தக் குறிப்பு உங்களுக்கு எழுதியதல்ல. நீங்கள் அதைத் திறப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

பிறகு நீங்கள் எழுதியபோது உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடவுச்சொல்லைத் தந்தால் குறிப்பை வாசித்துவிடுவீர்கள். நானே வந்து சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று சித்திரையைச் சொன்னேன். 28ஆம் திகதி இப்படி முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்விக் கந்தோருக்கு நான் ஒரு கடிதம் எழுதலாம், ஆனால் கையெழுத்து விழுந்த பிறகு அவர்கள் மாற்றுவார்களோ தெரியாது.

கடவுச்சொல்லை இத்துடன் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

ஒரு உதவி. லொறி வருவதற்கு முன்னால் ஆறிலும் அந்தக் குறிப்பை அழித்துவிடுங்கள். அதில் என் பெயர் இருக்கிறது. டவுன் பாடசாலையில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே மாவட்டக் கணினி நிலையம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். உங்களிடம் கேட்கத் தகுதி இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சிவரூபன்


கொட்டகலை
23.03.2003

சிவரூபன் அவர்களுக்கு,

பதிவுத் தபால் புதன்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கடவுச்சொல் இருந்த தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். அந்தச் சொல்லைத் தபால் வருவதற்குப் பத்து நாளுக்கு முன்னமே நான் மாற்றிவிட்டேன்.

நீங்கள் கேட்ட உதவியையும் நீங்கள் கேட்பதற்கு முன்னமே செய்துவிட்டேன். உங்கள் மானத்துக்காக இல்லை. என்றைக்காவது ஒரு தோட்டத்துப் பிள்ளை அந்தக் கோப்பைத் திறக்கும். தன்னைப் பற்றி அதில் வாசிக்கக் கூடாது. அழித்த இடத்தில், எந்த வரி என்ன செய்யும், மவுஸ் நின்றுபோனால் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். குறிப்பு என்றால் பின்னால் வருகிறவருக்கு உதவியாக எழுதுவது என்று சொன்னவர் நீங்கள்தான். இப்போது அந்த ஆறு மெஷினிலும் நீங்கள் வேலை செய்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை.

திருத்தி முடித்து மவுசை உருட்டினேன், அம்பு ஓடியது. மறுநாளே வீரய்யா சேர் என்னைக் கூட்டிக்கொண்டு கல்விக் கந்தோருக்குப் போனார். மெஷின் ஓடுவது சந்தோசம், டவுன் பாடசாலைக்கு நல்லதாகப் போயிற்று என்றார்கள். கையெழுத்து கையெழுத்துதானாம். நீங்கள் கடிதம் எழுத வேண்டாம். மிச்ச நாட்களில் பிள்ளைகள் ஆசை தீரப் படம் கீறினார்கள். ஒரு மவுசும் உடையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அறையைக் கூட்டும்போதுதான் ஜன்னல் திண்டில் ஜாம் டின்னைப் பார்த்தேன். வியாழன் பின்னேரமும் என் கை தன்பாட்டில் உருண்டைகளைக் கழற்றி எண்ணிப் போட்டிருக்கிறது. மெஷின் போனது, மவுஸ் போனது, உருண்டை ஆறும் என்னிடம். இரண்டு மாதம் படாத பாடுபட்டு ஓடவைத்ததை நானே ஓடாமல் அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன். உங்களை நினைத்து இல்லை. எண்ணிக் கொடுத்துக் கொடுத்து எங்கள் கைக்கு வேறு ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே என்று அழுதேன்.

நேற்று பஸ் ஏறி டின்னைக் கொண்டுபோனேன். அங்கே மேசைகளில் மெஷின்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நிற்பதைப் பார்க்காமல் ஒரு ஆசிரியர் சொன்னார். "தோட்டத்து ஸ்கூல் சாமான்தானே. உருண்டையக்கூட விட்டு வைக்கல பாருங்க, எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க." உங்கள் குறிப்பை நான் அழித்தேன். அது எனக்கு முன்னமே பஸ் ஏறி அங்கே போயிருந்தது.

மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆறு உருண்டை கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அந்த ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார்.

அந்த அறையைத் திறந்து பூட்ட நிஷாந்தி என்று ஒருத்தி இருக்கிறாள். என்னைப்போலச் சம்பளம் இல்லாத தொண்டர். போதனாசிரியர் வேலைக்கு வேறு யாரோ வருகிறார்களாம், அவளுக்கும் இல்லை. அவளைப் பின்பக்கம் கூப்பிட்டுப் புதிய கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். உறை இல்லை, அதிபர் இல்லை. பயந்துபோய், "எனக்கு எதுக்கு அக்கா? நான் தொடலாமா?" என்று கேட்டாள். "நீதான தொறக்குற, நீதான பூட்டுற. வேற யாருக்குக் குடுக்குறது?" என்றேன். உருண்டைகளைக் கழற்ற வேண்டாம், அதுபாட்டுக்கு உள்ளேயே கிடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மா சித்திரை வரைக்கும் பொறுப்பதாகத்தான் சொன்னார். பொறுத்துக் காத்திருக்க இனி என்ன இருக்கிறது? நேற்றே தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் செக்ரோலுக்குப் பேர் கொடுத்துவிட்டேன். நாளை காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்ட துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆறும் இருக்கு, சேர்.

இரா. நாகலெட்சுமி